மூன்றாம் ஓலை

மழை வேதக்கோவிலுக்குள் வருகிறது. கிழக்கு ஜன்னலின் கொக்கி போய் ஒரு வருஷமாகிறது. காற்று தள்ளும்போதெல்லாம் கதவு திறந்துகொள்கிறது, சாரல் இரண்டாம் வரிசையில் விழுகிறது.

அந்த வரிசையில் என் மகள் ஹெப்சி உட்கார்ந்திருக்கிறாள். முந்தானை நனைகிறது. யாராவது எழுந்து சாத்தவேண்டும்.

யாரும் எழமாட்டார்கள். கல்யாண ஓலை வாசிக்கப்போகிற நேரம். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு போதகர் கேட்பார். அப்போது எழுந்தால் தடை சொல்லப்போவதாக அர்த்தம்.

ஹெப்சிக்கு இரண்டு ஓலை முடிந்தது. இன்று மூன்றாவது.

ஏழு வருஷத்துக்கு முன்பும் மழைக்காலம். எங்கள் தெரு ஞானலீலாவுக்கு இரண்டு ஓலை முடிந்திருந்தது. மூன்றாவதை யாரும் வாசிக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிருந்தது. பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்று. இடது கையால் எழுதிய கடிதம். என் இடது கை.

அந்த மாப்பிள்ளை முதலில் என் தங்கையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனவர். அந்த எரிச்சல். அவ்வளவுதான் காரணம், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. லீலா இன்றுவரை தனியாகத்தான் கோவிலுக்கு வருகிறாள்.

மனந்திரும்பவில்லையா என்றால், திரும்பினேன். உபவாச ஜெபத்தில் முதல் அழுகை எப்போதும் என்னுடையதுதான். ஏழு வருஷம் அழுதேன். ஏழு வருஷமும் ஆண்டவர் ஒன்றையேதான் சொன்னார். அவளிடம் போய்ச் சொல்.

அதை மட்டும் நான் செய்யவில்லை. ஆண்டவரிடம் அழுவது சுலபம், அவர் திரும்ப அழமாட்டார். லீலா அழுவாள். அவள் வீடு எங்களுக்கு நான்காவது வீடு.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். ஹெப்சியின் முதல் ஓலையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறேன்.

இன்று காலை, கோவில் வாசலில், குடையை மடக்கிக்கொண்டிருந்த லீலாவிடம் போனேன்.

“லீலா, அன்னைக்கு ஒன் மாப்பிள்ள வீட்டுக்குப் போன மொட்டைக் கடுதாசி... நாந்தாம்மா எழுதினேன். பொய்யின்னு தெரிஞ்சேதான் எழுதினேன்.”

அவள் குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“இன்னைக்கு ஹெப்சிக்கு மூணாவது ஓலைல்லா அக்கா?”

அவ்வளவுதான் கேட்டாள். உள்ளே போய்விட்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

இப்போது போதகர் வாசிக்கிறார். ஹெப்சியின் பெயர். மாப்பிள்ளையின் பெயர். தடை அறிந்தவர் யாராவது உண்டா?

மழைச் சத்தம். மழைச் சத்தம் மட்டும்.

பிறகு ஒரு பெஞ்சு கிறீச்சிடுகிறது. லீலா எழுந்து நிற்கிறாள்.

எல்லாத் தலையும் திரும்புகிறது. சம்பந்தியாகப்போகிற அம்மாள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்கிறார். சொல்லட்டும் ஆண்டவரே, சொன்னால் அது நியாயம். ஆனாலும் சொல்லாமல் இருக்கட்டும்.

லீலா நடக்கிறாள். என்னைத் தாண்டி, ஹெப்சியைத் தாண்டி.

கிழக்கு ஜன்னலைத் தோளால் முட்டிச் சாத்துகிறாள். கொக்கி இருந்த ஓட்டையில் தன் கைக்குட்டையை முறுக்கிச் செருகுகிறாள். இழுத்துப் பார்க்கிறாள்.

நனைந்த தோளோடு தன் இடத்துக்குத் திரும்பி உட்காருகிறாள். என்னைப் பார்க்கவே இல்லை. போதகர் அடுத்த வரிக்குப் போகிறார்.

வெளியே மழை பெய்துகொண்டுதான் இருக்கிறது. உள்ளே வரவில்லை.