வீட்டுக்காரர்

சவப்பெட்டி கொண்டுவந்த ஆள் கத்தரியை எடுத்ததும் சந்தானம் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “நக்கோ பாய், வெட்டாதீங்க. அது நான் தைச்ச கோட்டு.”

விறைத்த உடம்புக்குக் கோட்டு மாட்ட முதுகுப் பக்கம் கிழித்துவிடுவார்கள், எங்கும் வழக்கந்தான். சந்தானம் கேட்கவில்லை. எட்வினின் தோள்களை நீவி நீவி, ஒவ்வொரு கையாக நுழைத்து, தானே போட்டுவிட்டார். எட்வினின் அக்கா ஸ்டெல்லா தலையைத் தாங்கிக்கொண்டாள்.

செகந்திராபாத்தில் கல்யாண சூட்டுக்குப் பேர்போன கடை ‘எட்வின் அண்ட் கோ’. அந்த ‘கோ’ சந்தானம்தான். இருபது வருஷமாகக் கடைக்கு மேலேயே இரண்டு பேரும் குடியிருந்தார்கள். தொழில் கூட்டாளிகள், வாடகை மிச்சம் என்று குடும்பம் சொல்லிக்கொண்டது. கடை மட்டும் இல்லாவிட்டால் ஊர் வாய் சும்மா இருந்திருக்குமா? ஸ்டெல்லாவுக்குத் தெரியும். அண்ணன் ஜெயச்சந்திரனுக்கும் தெரியும். பேச்சுத்தான் எழுந்ததில்லை.

ஜெபம் முடிந்தது. சபைக்குப் புதிதாக வந்திருந்த போதகர், “முகத்த மூடணும். குடும்பத்தார் மட்டும் முன்னால வாங்க” என்றார்.

சந்தானம் எழுந்தார். ஜெயச்சந்திரன் அவர் காதருகே குனிந்தார். “நீங்க வேண்டாம் சந்தானம். சபை ஜனம் பாக்குது.”

“சரிங்கண்ணே.” கடை ஆட்களோடு போய் நின்றுகொண்டார்.

ஸ்டெல்லாவின் காதிலும் அது விழுந்தது. கோட்டுப் போட மட்டும் இந்த மனுஷன் வேணும், மூட வேண்டாமாக்கும்!

“ஐயா, அவர் வராம மூடக்கூடாது.”

“அவர் யாரும்மா?”

“எட்வினோட வீட்டுக்காரர்.”

போதகர் தலையாட்டினார். “ஹவுஸ் ஓனரா? அவர் அப்புறம் பாக்கட்டும்மா. மொதல்ல சொந்தக்காரங்க.”

பின்னால் யாரோ இருமினார்கள். அத்தோடு விடு என்று அண்ணன் கண்ணாலேயே கெஞ்சினார்.

“ஓனர் இல்லீங்கய்யா.” ஸ்டெல்லா பக்கத்தில் நின்ற தன் கணவர் இருதயராஜின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். “எனக்கு இவர் எப்படி வீட்டுக்காரரோ, எந்தம்பிக்கு அவர் அப்படி.”

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, வெள்ளைத் துணியைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார்.

“வாங்க.”

சந்தானம் வந்து துணியை வாங்கினார். எட்வினின் டை முடிச்சு லேசாகச் சரிந்திருந்தது. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு முடிச்சைச் சரிசெய்தார். அது நேராகிவிட்டது. அவர் கையை எடுக்கவில்லை.