சாமான் அறைப் பூட்டு

சம்பந்தி ஆகப்போகிறவர் கூலி கேட்கமாட்டார் என்பது மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். நிச்சயம் முடிந்த மூன்றாம் நாளே பூட்டுக் கடைப் படியேறிவிட்டார். முதலில் பீரோ சாவி, அடுத்து பெட்டிக்குக் கொண்டி, பிறகு கேட்டுக்குத் தாழ்ப்பாள். கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கையில், கதவிலிருந்து கழற்றிய பூட்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"சாமான் ரூம் பூட்டு. சாவி நுழையுது, திரும்பமாட்டேங்குது. மத்தியானத்துக்குள்ள வேணும் சம்பந்தி. அதுவரைக்கும் உங்க மாப்பிள்ளை லீவு போட்டு அந்த வாசல்லயே நாற்காலி போட்டு உக்காந்திருக்கான்."

பட்டப்பகலில் பழைய சாமானுக்கு எதற்குக் காவல் என்று பூட்டுக்காரருக்குக் கேட்கத் தோன்றவில்லை. பொறுப்பான பிள்ளை என்று பூரித்துப்போனார். மகளுக்கு இருபத்தொன்பது ஆகிவிட்டதால், மாப்பிள்ளை தும்மினால்கூட அதில் ஒரு லட்சணம் கண்டுபிடிக்கும் நிலையில் இருந்தார்.

அவருக்குக் கை நடுக்கம் வந்து நாலு வருஷம். கடைக்கு வருகிறவர்கள் மகளின் கைராசியைத் தேடித்தான் வந்தார்கள். ஆனால் கல்யாணத்துக்கு அப்புறம் அவள் அரத்தைத் தொடக்கூடாது, கடைப் பக்கம் தலைகாட்டக்கூடாது என்பது மாப்பிள்ளை வீட்டு நிபந்தனை. பொம்பளைப் பிள்ளைக்கு அதுதான் அழகு என்றார் அப்பா. மாட்டேன் என்றாள் மகள். ஒரு மாதம் அந்த வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின. கடைசியில் அவர் கண்கலங்கவே, அரைமனதாகத் தலையாட்டினாள்.

மாப்பிள்ளையின் அம்மா காய் வாங்கப் போனதும் மகள் பூட்டைக் கையில் எடுத்தாள். இரண்டு பக்கமும் சாவித் துவாரம். வெளிப்பக்கம் சாவி போய்வந்து வழவழவென்று இருந்தது. உள்பக்கத் துவாரத்தைச் சுற்றி ஒரே கீறல். அறைக்குள் நின்று யாரோ குடைந்த கீறல். மூடியைக் கழற்றி இடுக்கியால் எடுக்க எடுக்க, உடைந்த ஹேர்பின் துண்டுகள் வந்தன. மூன்று துருப்பிடித்திருந்தன. நான்காவது பளபளவென்று இருந்தது.

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார்.

"சாமான் ரூம்னா எலி இருக்கும்மா."

"எலி ஹேர்பின் வச்சிருக்குமா? அவங்க மூத்த மருமக கோவிச்சுக்கிட்டு தாய் வீட்டுக்குப் போய் எட்டு மாசம்னுதானே சொன்னாங்க? இது போன வாரத்துத் துண்டுப்பா."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. நாற்பது வருஷம் பூட்டோடு குடித்தனம் நடத்தியவர். அவள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துண்டுகளை வழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"பத்திரிகை குடுத்தாச்சும்மா."

பூட்டைத் தன் பக்கம் இழுத்தார். லீவர்களைத் துடைத்து எண்ணெய் விட்டு மூடியைப் பொருத்தினார். பிறகு மெல்லிய அரத்தை எடுத்து, உள்பக்கக் கீறல்களை ஒன்றுவிடாமல் தேய்த்து மழுக்கினார். நாலு வருஷமாக நடுங்கிய கை அப்போது நடுங்கவில்லை. மகள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா காய்ப்பையோடு திரும்பி வந்து சாவியைப் போட்டுப் பார்த்தார். சத்தமே இல்லாமல் திரும்பியது. வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்று மெச்சினார். மகள் பூட்டை வாங்கிக் கருவிப்பெட்டிக்குள் வைத்தாள்.

"கதவுல பொருத்தினாத்தான் சரியான்னு தெரியும் அத்தை. நானே வந்து மாட்டித் தர்றேன்."

பெட்டியைத் தொடக்கூடாதே என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கலாம். மாட்டும் கூலி மிச்சம் என்றதும் நிபந்தனைக்கு ஆறு நாள் தவணை கிடைத்துவிட்டது. அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"வாம்மா. எப்படியும் அந்த ரூமை நீ தெரிஞ்சுக்கத்தானே வேணும்."

இரண்டு பேரும் படியிறங்கினார்கள். பூட்டுக்காரர் எழுந்து வாயைத் திறந்தார். இன்றைக்கு அந்த வீட்டுக்குப் போகாதே என்று சொல்லிவிட்டால், அடுத்த வாரம் மட்டும் ஏன் போக வேண்டும் என்று அவள் கேட்பாள். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. அவர்கள் தெருமுனை திரும்பிவிட்டார்கள்.