இருபத்தெட்டாம் நாள்

அவள் ஈரத்துணியால் அண்ணனின் வலது கையைத் துடைத்தாள். பக்கவாதம் வந்த நாளிலிருந்து மூன்று மாதமாக இறுகிக் கிடந்த விரல்கள் இன்று காலை தாமாகவே தளர்ந்துவிட்டன. தச்சனின் கை. உள்ளங்கையில் நகங்கள் பதிந்த நான்கு தழும்புகள்.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் அண்ணி அவன் கால்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூளையில் இன்னொரு அடைப்பு என்று மருத்துவர் இறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அண்ணி துடைத்தபடியே சொன்னாள்.

"மருந்து உன் கையிலயே இருந்துச்சு. எலிக்கெல்லாம் குடுத்தே. கூடப்பொறந்தவனுக்குக் குடுக்க மனசு வரல."

அவள் துணியைப் பிழிந்தாள்.

ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை எண்ணுவது. எலிகளின் மூளைக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பார்கள். பாதி எலிகளுக்கு மட்டும் வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரையைக் கரைத்து ஊட்டுவார்கள். பிறகு, புதிதாக முளைத்த செல்களை அவள் நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ணுவாள். மாத்திரை தின்ற எலிகளிடம் அதிகம் இருந்தன. படுத்துக் கிடந்த அண்ணனிடம் ஒருநாள் அதை வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

அதோடு அவன் பிடித்துக்கொண்டான். "எலி டாக்டரம்மா, என் மாத்திரை எங்கே?" என்று குழறுவான். "எலியை விடக் கேவலமா போயிட்டேனா? வேணும்னா கூண்டுலயே படுத்துக்கறேன்." சொல்லிவிட்டுச் சிரிப்பதும் அவன்தான்.

மருத்துவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். ரத்தம் உறையாமலிருக்க ஏற்கெனவே மருந்து ஓடுகிறது. இதையும் சேர்த்தால் வயிற்றில் ரத்தம் கசியும். அவள் கொடுக்கவில்லை.

"அந்த எலிங்க எழுந்து ஓடுச்சா?" என்றாள் அண்ணி.

அண்ணனும் இதைத்தான் கேட்டான். ஓடுது அண்ணா என்று அவனிடம் சொல்லியிருந்தாள்.

"இல்ல அண்ணி."

"என்ன இல்ல?"

"மூளையைச் சீவிப் பார்த்தாத்தான் எண்ண முடியும். இருபத்தெட்டாம் நாள் எல்லாத்தையும் கொன்னுடுவோம். மாத்திரை தின்னது, தின்னாதது, எல்லாத்தையும்."

அண்ணியின் கை நின்றது.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அண்ணி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு வெள்ளைச் சட்டையை எடுத்து உதறினாள். அவள் அண்ணனின் வலது கையைத் தூக்கிப் பிடிக்க, அண்ணி சட்டையை மாட்டினாள். கை தடையில்லாமல் நுழைந்தது. அண்ணி கீழிருந்தும் அவள் மேலிருந்தும் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே வந்தார்கள். நடுப் பொத்தானில் விரல்கள் முட்டின.

அண்ணி கையை எடுத்துக்கொண்டாள்.

அதை அவள் போட்டாள்.