குண்டூசிப் பரீட்சை

பெயிண்டருக்கு முதுகில்தான் அடி, வாயில் இல்லை. சாரத்திலிருந்து விழுந்து, தொப்புளுக்குக் கீழே எதுவும் தெரியாமல் கிடக்கும்போதும் நர்ஸைக் கூப்பிட்டு, "இந்தச் சுவத்துக்கு யாரு கலர் பூசினது? அவனைப் பிடிச்சுட்டு வந்து இந்தக் கட்டில்ல படுக்கப் போடுங்க, அப்பத்தான் புத்தி வரும்" என்கிறான். வார்டே சிரிக்கிறது. அவன் மனைவி தையல்காரி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அவளைக் கலங்கடித்தது பக்கத்துக் கட்டில் பையனின் அத்தைதான். நல்ல மனுஷிதான், ஆனால் சும்மா இருக்க மாட்டாள். "டாக்டரம்மா ஊசியால குத்திப் பாப்பாங்கம்மா. தெரியலைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. இதோ, எங்க பையனுக்கும் அப்படித்தான், ஒண்ணும் தெரியலைன்னதும் கையை விரிச்சிட்டாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்க."

முதல் நாள் குத்திப் பார்த்தபோது இவன் தொப்புளுக்குக் கீழே தெரியலை, தெரியலை என்று உளறி வைத்திருக்கிறானே! தையல்காரி புருஷனின் காதோரம் குனிந்தாள்.

"என்னங்க, இனிமே அவங்க குத்தும்போது நான் உங்க கையை அழுத்துவேன். உடனே குத்துதுன்னு சொல்லிடுங்க."

"காப்பியடிக்கச் சொல்றியா? இதுல நான் பள்ளிக்கூடத்திலேயே கெட்டிக்காரன்டி."

நேற்றுக் காலை நடந்த பரீட்சையில், அவள் கையை அழுத்த அழுத்த, அவன் நூற்றுக்கு நூறு வாங்கினான். கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்காலிலிருந்து நெஞ்சு வரைக்கும் ஓரிடம் விடாமல் "குத்துது டாக்டரம்மா". டாக்டரம்மாவின் புருவம் உயர்ந்தது. "வீக்கம் வத்தினா சில பேருக்கு இப்படித் திரும்பும். நல்ல சேதிதான். பொறுத்துப் பாப்போம்" என்றார். தையல்காரியின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. நாத்தனாருக்குப் போன் போட்டு, அண்ணனுக்குச் சரியாகிவிடும் என்று அழுதுகொண்டே சொன்னாள். சொல்லச் சொல்ல அவளே அதை நம்பிவிட்டாள். பாவி மனசு, தானே செய்த திருட்டைத் தானே மறந்துவிடுகிறது.

இன்று டாக்டரம்மா வந்ததும் அவளே வாயைக் கொடுத்தாள். "ஏன் டாக்டர், குத்துறது தெரியுது, கால் மட்டும் அசைய மாட்டேங்குதே?"

"எனக்கும் அதுதான்மா குழப்பமா இருக்கு" என்று டாக்டரம்மா தன் கோட்டின் மேலேயே விரலால் வரைந்து காட்டினார். "முதுகெலும்புக்குள்ள தண்டுவடம் ஓடுது. ஒவ்வொரு எலும்புக்கும் இடையில இருந்து இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு ஜோடி ஜோடியா நரம்பு வெளிய வரும். வந்ததும் ரெண்டாப் பிரியும். சின்னக் கிளை முதுகுக்கு. பெரிய கிளை விலாவைச் சுத்தி முன்னால வரும், கை காலுக்கும் அதுதான் போகும். தொட்டா தெரியறதும் அசைக்கிறதும் அதே நரம்பு வழியாத்தான்."

"அப்ப குத்திப் பாக்கறது..."

"தோல்ல ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு பட்டை இருக்கு. தொப்புள் நேருக்கு ஒண்ணு, விலா நேருக்கு ஒண்ணு. எந்தப் பட்டை வரைக்கும் மரத்திருக்கோ, அதை வெச்சு உள்ள எங்க அழுத்துதுன்னு தெரிஞ்சுக்கலாம். மரத்த இடம் மேல ஏறினா உள்ள ரத்தம் கட்டுதுன்னு அர்த்தம், உடனே திறந்தாகணும். இவருக்குத்தான் எல்லா இடமும் தெரியுதே, அதனாலதான் காத்திருக்கோம். இல்லைன்னா நேத்தே ஆபரேஷன் பண்ணியிருப்போம்."

நேத்தே. ஐயோ, நேத்தே! தையல்காரி சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். இரண்டு எலும்புக்கு நடுவே இருக்கிற ஒன்றை அவளால் தொட முடியுமா, பிரித்துத் தைக்க முடியுமா? கெடுக்க மட்டும் முடிந்திருக்கிறது.

"கண்ணை மூடுங்க" என்றார் டாக்டரம்மா.

விளக்கமெல்லாம் தனக்கில்லை என்பதுபோல் விட்டத்து மின்விசிறியைப் பார்த்துக் கிடந்த பெயிண்டர், பெண்டாட்டியைப் பார்த்து ஒரு கண்ணடித்துவிட்டு, அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான்.

ஊசி உள்ளங்காலில் இறங்கியது. அவள் கையை அசைக்கவில்லை. முட்டி, தொடை, இடுப்பு. அவளுடைய விரல்கள் அவன் விரல்களுக்குள் செத்ததுபோல் கிடந்தன. டாக்டரம்மா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு பிணைந்திருந்த அந்தக் கைகளைப் பார்த்தார். தையல்காரி தலையை இடமும் வலமும் ஆட்டினாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, சத்தம் மட்டும் வரவில்லை. டாக்டரம்மா திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

ஊசி தொப்புளைத் தாண்டியது. முதல் நாள் அதற்கு மேலே தெரிந்ததே! மேல் வயிறு. விலா. ஒவ்வொரு குத்துக்கும் தோலில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. டாக்டரம்மா திரும்பாமலே நர்ஸிடம் மெதுவாக, "ஆபரேஷன் தியேட்டர்ல சொல்லுங்க, உடனே" என்றார்.

பெயிண்டர் இன்னும் கண்ணை மூடிக்கொண்டு, கேள்வித்தாளுக்குக் காத்திருக்கிற பையன்போலச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன டாக்டரம்மா, எவ்வளவு நேரம் இப்படியே கிடக்கிறது? சட்டுனு குத்த ஆரம்பிங்க."