கடலுக்கடியில் கடைமடை

மங்களாம்பிகையின் ஆறு மா நிலம், ஏறக்குறைய இரண்டு ஏக்கர், வேதாரண்யம் பக்கம், ஆறு ஓடி ஓய்ந்துபோகிற இடத்தில் இருந்தது. மேலே இருக்கிற ஊரெல்லாம் வயிறு நிரம்பக் குடித்த பிறகுதான் அவள் வாய்க்காலில் ஈரம் தட்டும். இந்த வருஷம் ஒரு மழையை நம்பி நேரடியாக விதை தெளித்திருந்தாள். விரல் உயரம் வந்த பயிர் நுனி கருகி நின்றது. இன்னும் எட்டு நாளில் தண்ணீர் வராவிட்டால் மாட்டுக்குக்கூட ஆகாது.

அந்த நேரம் பார்த்துத்தான் பாசன அலுவலகப் பலகையில் ‘கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தது’ என்று எழுதினார்கள். எழுதிய கையோடு அவள் வாய்க்கால் மதகையும் பூட்டிவிட்டார்கள். கடைமடையின் முறை முடிந்ததாம்.

பொறியாளர் ரெத்தினம் கெட்டவர் அல்ல. காகிதத்தில் இருப்பதை மட்டும் நம்புகிறவர், அவ்வளவுதான். கேட்கப் போன மங்களாம்பிகைக்கு அவர் ஒரு படத்தை விரித்துக் காட்டினார். கடலடியை ஆராயும் ஹம்சத்வனி என்ற பெண் கப்பலில் போய், ஒலியை அனுப்பி அளந்து வரைந்த படம். கடல் இன்னும் கிழக்கே ஒதுங்கியிருந்த காலத்தில் ஆறு ஓடிய தடம் அதில் இருந்தது. அது இன்றைய கரையைத் தாண்டி, சுண்ணாம்புப் பாறை மேடுகளுக்கு நடுவே வளைந்து போய், ஒரு பவளத் திட்டின் அடியில் முடிந்தது. ஆறு முடிகிற இடம்தானே கடைமடை என்று கேட்டார் ரெத்தினம். அங்கே எட்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. அணையைத் திறக்கும் முன்பே கடைமடை நிரம்பியது அவர் காலத்தில்தான் என்பதில் அவருக்குப் பெருமை வேறு.

“உங்க வயலு இனிமே நடுமடைம்மா,” என்றார், பதவி உயர்வு கொடுத்தவர் மாதிரி.

மங்களாம்பிகை நேராக ஹம்சத்வனி தங்கியிருந்த விடுதிக்குப் போனாள். விஷயத்தைக் கேட்ட ஹம்சத்வனி தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்தத் தடம் ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்பே மணலில் மூடிப்போனது, கடல் ஏறியபின் அதன் ஓரத்துப் பாறையில் பவளம் வளர்ந்தது, அங்கே சோற்றுக்கு ஒரு மணி விளையாது என்று அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். பதில் மூன்றாம் நாளே வந்தது. பவளம் எந்தப் பட்டத்துப் பயிர், எத்தனை மாதத்தில் அறுவடை என்று கேட்டிருந்தார்கள். நேரில் பார்வையிட நாளும் குறித்திருந்தார்கள்.

ஐந்தாம் நாள் மூவரும் படகில் போனார்கள். ரெத்தினம் பாதி வழியிலேயே காலையில் சாப்பிட்டதைக் கடலுக்குக் கொடுத்துவிட்டார். திட்டுக்கு மேலே படகை நிறுத்தி ஹம்சத்வனி ஓர் இரும்பு வாளியைக் கயிற்றில் இறக்கி அடிமண்ணை அள்ளினாள். வெள்ளை வெளேரென்று, உடைந்த பவளமும் கிளிஞ்சலும் வந்தன. ரெத்தினம் அதை விரலால் நெருடிப் பார்த்து, ‘மண்: சுண்ணாம்பு. பயிர்: பவளம். வயது: ஆறாயிரம் வருஷம், நீண்டகால ரகம்’ என்று எழுதினார்.

மங்களாம்பிகை கடலில் ஒரு தம்ளரை முக்கி அவரிடம் நீட்டினாள்.

“கடமடைக்கு வந்த தண்ணி சார். குடிங்க.”

ரெத்தினம் தம்ளரைப் பார்த்தார், கையிலிருந்த அறிக்கையைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் குடித்தார். “லேசா உப்பு கரிக்குது. மத்தபடி தண்ணி வந்திருக்கு,” என்றார்.

அவரைப் பிடித்துத் தள்ளிவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. வயலில் கருகிக்கொண்டிருக்கும் பயிர் கண்ணில் வந்து நின்றது. இந்த மனுஷனிடம் நிஜத்தைச் சொல்லிப் பயனில்லை என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. குரலைத் தணித்துக்கொண்டாள்.

“ஏன் சார், எட்டு ஆள் ஆழத்துல பயிர் முங்கிக் கெடக்குதே. வடிய வைக்க வேணாமா?”

ரெத்தினத்தின் முகம் வெளுத்தது. தண்ணீர் வரவில்லை என்றால் பதில் சொல்லச் சாக்கு ஆயிரம் உண்டு. பயிர் மூழ்கிவிட்டது என்றால் மேலிடம் சும்மா விடாது. என்ன செய்யலாம் என்று அவளையே கேட்டார்.

“மேலேருந்து வர்ற தண்ணிய இங்க விடாம, என் வாய்க்கால்ல திருப்பி விட்டுடுங்க.”

மறுநாள் விடியும்போதே மதகு திறந்தது. முதலில் நுரையும் சருகும், பிறகு செம்பழுப்புத் தண்ணீர், வாய்க்காலை அடைத்துக்கொண்டு வந்தது. மங்களாம்பிகை குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தாள். கொஞ்சமும் உப்பில்லை. அங்கேயே வரப்பில் உட்கார்ந்து அழுதாள்.

ஜீப்பிலிருந்து இறங்கிய ரெத்தினம் பக்கத்தில் நின்ற ஹம்சத்வனியிடம், பவளத்து மேலே தண்ணீர் குறைகிறதா என்று கவலையாகக் கேட்டார்.

ஹம்சத்வனி மங்களாம்பிகையைப் பார்த்தாள். “குறையும் சார். ஆனா போன தடவை இந்தக் கடல் வடியறதுக்குப் பல ஆயிரம் வருஷம் ஆச்சு.”

“அதுவரைக்கும் மதக மூடாதீங்க,” என்றாள் மங்களாம்பிகை கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ரெத்தினம் அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.