பன்னிரண்டாவது வேட்டு

ஒலிப் பள்ளியில் சமையல் வேலைக்குச் சேர்ந்தபோது நான் கொடுத்த பெயர் செல்வம்மாள். அது என் தங்கையின் பெயர். கொளஞ்சியம்மாள் என்ற சொந்தப் பெயரோடு போயிருந்தால் கேட்டிலேயே விரட்டியிருப்பார்கள். உள்ளே இருந்த பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருத்தி என் மகள் ராசாத்தி. பெற்றவர்கள் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்பதுதான் அங்கே முதல் சட்டம்.

அரியலூருக்குத் தெற்கே, சுண்ணாம்புக்கல் எடுத்துவிட்டுக் கைவிட்ட ஒரு பெரிய பள்ளத்தின் கரையில் தகரக் கொட்டகை போட்டு அதை நடத்தினார்கள். எண்பத்திரண்டாம் வருஷம். வடக்கே மலையில் சண்டை மூன்றாவது வருஷமாக இழுத்துக்கொண்டிருந்தது. எதிரியின் பீரங்கிகள் மலைக்குப் பின்னால் ஒளிந்து சுட்டன. எத்தனை பீரங்கி, எந்தப் பக்கம் என்று மிஷினால் சொல்ல முடியவில்லையாம், எதிரொலி குழப்பியதாம். பத்து வயதுக் காதால் முடியும் என்று எந்த மகாராசனோ கண்டுபிடித்துச் சொல்ல, டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக வந்து பள்ளிக்கூடங்களில் பரீட்சை வைத்தார்கள்.

எங்கள் குவாரிப் பிள்ளைகளுக்கு அந்தப் பரீட்சை தண்ணீர் பட்ட பாடு. குவாரியில் தினமும் நடுப்பகலில் வேட்டு வைப்பார்கள். எத்தனை குழியில் தோட்டா இறக்கியிருக்கிறது என்று முன்கூட்டியே குடியிருப்புக்குச் சொல்லிவிடுவார்கள். விசில் ஊதியதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அத்தனை பேரும் எண்ணுவோம். ஒரு சத்தம் குறைந்தாலும் எங்கோ ஒரு குழி வெடிக்காமல் கிடக்கிறது என்று அர்த்தம். அரைமணி நேரம் யாரும் பள்ளத்தில் இறங்க மாட்டார்கள். எங்களில் எதற்கும் பொய் சொல்லுகிறவர்கள் உண்டு. வேட்டுக் கணக்கில் மட்டும் யாரும் பொய் சொன்னதில்லை.

என் வீட்டுக்காரர் அரியமுத்து செத்ததும் அந்தக் கணக்கில்தான். அன்று ஒன்பது குழி. எட்டுதான் வெடித்தது. பள்ளத்தின் எதிர்ச் சுவரில் முட்டித் திரும்பிய சத்தத்தையும் சேர்த்து எல்லோரும் ஒன்பது என்றார்கள். நானும் ஒன்பது என்றேன். ஆறு வயது ராசாத்தி மட்டும் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"எட்டுதாம்மா. கடைசில வந்தது செவுத்துச் சத்தம்."

"வாய மூடுடி" என்றேன். அவர் இறங்கிப் போனார்.

அதனால்தானோ என்னவோ, பரீட்சையில் அவள் ஒரு கேள்விகூடத் தப்பாகச் சொல்லவில்லை என்று வந்து சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. டவுனில் வைத்துப் படிக்க வைப்போம் என்றார்கள். கைநாட்டு வைத்தேன். இரண்டு மாதம் கழித்து, அந்தப் பள்ளிக்கு அரிசி ஏற்றிப்போகும் லாரிக்காரர் சொல்லித்தான் படிப்பு என்ன படிப்பு என்று தெரிந்தது. தங்கையின் ரேஷன் கார்டை வாங்கிக்கொண்டு மறுநாளே சமையல் வேலை கேட்டுப் போனேன்.

காது கூர்மையாக வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தினமும் காலையில் காதில் நீல மருந்து இரண்டு சொட்டு விடுவார்கள். நான் சேர்ந்தபோதே தட்டு கீழே வைக்கிற சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். தட்டை நிறுத்திவிட்டு மந்தார இலையில் போட்டேன். கரண்டிக் காம்பில் பழம் புடவையைச் சுற்றினேன். ஆண்டிமடத்துப் பையன் வெள்ளைச்சாமி, "செவுத்துக்குள்ள கறையான் திங்கிற சத்தம் தூங்க வுடல ஆயா" என்று சிவந்த கண்ணோடு வந்து நிற்பான். எல்லோருக்கும் நான் ஆயா. முதல் நாளே கண்ணால் ஜாடை காட்டியிருந்ததால், என் மகளும் தெரியாதவள் போல இலையை நீட்டி, "ஆயா, கொஞ்சம் ரசம்" என்பாள். ஊற்றிவிட்டு அடுத்த பிள்ளையைப் பார்ப்பேன்.

ஒருநாள் உலைப்பானை மேல் குனிந்து, உதடு அசைந்ததோ இல்லையோ, "தங்கம், அம்மா இங்கதாண்டி இருக்கேன்" என்றேன். இருநூறு அடி தள்ளி, வகுப்புக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவள் தலையைத் திருப்பினாள். அன்று முதல் தினமும் பேசினேன். காலையில் என்ன கனவு கண்டேன், எந்த ஆடு குட்டி போட்டது, இதுதான் பேச்சு. அவள் காதில் விழுவது மற்ற பதினோரு பேர் காதிலும் விழுமே என்பது மூன்று நாள் கழித்துத்தான் உறைத்தது. ஆனால் ஒரு பிள்ளை காட்டிக்கொடுக்கவில்லை. வெள்ளைச்சாமி மட்டும் சோறு வாங்கும்போது தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

"ராசாத்தி பேர மட்டும் சொல்றீங்களே. எங்க பேரையும் சொல்லுங்க ஆயா."

அப்புறம் பன்னிரண்டு பேர் பெயரையும் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பேன்.

இன்னும் ஓர் ஆளுக்கு என்னைத் தெரியும். பயிற்சிக்கு வேட்டு வைக்க வந்த ரெட்டிபாளையத்துச் சாமிதுரை. என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்தவர். இருபது வருஷ வேட்டில் அவர் காது பாதி போயிருந்தது. முதல் நாள் என்னைப் பார்த்ததும் நின்றார். பிறகு சத்தமாக, "புது சமையலா? பேரு என்னாங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் வாயிலிருந்து என் உண்மைப் பெயர் வரவே இல்லை.

கடைசிப் பரீட்சை புதன்கிழமை என்றார்கள். பள்ளத்தில் பன்னிரண்டு குழி. எண்ணிக்கையைச் சரியாக எழுதுகிறவர்கள் வெள்ளிக்கிழமை ரயிலில் வடக்கே போக வேண்டும். தவறவிட்டவர்கள் வீட்டுக்குப் போகலாம். பள்ளியின் அதிகாரி வேணுகோபால் சார் அதைப் பரிசு கொடுக்கிற மாதிரி அறிவித்தார்.

செவ்வாய் முழுக்க யோசித்தேன். கூட்டிச் சொன்னால்தான் ஆள் சாவான். குறைத்துச் சொன்னால் அரைமணி காத்திருப்பார்கள், அவ்வளவுதானே? யாருக்கும் கேடில்லாத பொய். சாயங்காலம் உலைப்பானை மேல் குனிந்தேன்.

"கேக்குறத வுட ஒண்ணு கொறச்சு எழுதுங்க, கண்ணுங்களா. கூட்டி மட்டும் எழுதிடாதீங்க. வூட்டுக்குப் போயிடலாம்."

புதன்கிழமை பதினோரு மணிக்கு விசில் ஊதினார்கள். பிள்ளைகளைக் கரையில் தள்ளித் தள்ளி உட்காரவைத்துக் கையில் சிலேட்டு கொடுத்திருந்தார்கள். நான் சமையல் கொட்டகை வாசலில் நின்றேன். பழக்கம் விடவில்லை, விரலை மடக்கி எண்ணினேன். பதினொன்று. அதற்கப்புறம் ஒன்று வந்தது. ஆனால் அது சுவர்ச் சத்தம். என் புருஷனைக் கொன்ற சத்தம் எனக்குத் தெரியாதா?

சிலேட்டுகளை வாங்கிப் பார்த்த வேணுகோபால் சாரின் முகம் கறுத்தது. பன்னிரண்டிலும் பத்து என்றே எழுதியிருந்தது.

"எல்லாரும் கூடிப் பேசிக்கிட்டு ஏமாத்துறீங்களா?" என்று கத்தினார். "மிஷின்ல பன்னெண்டு வந்துருக்கு."

கீழே பதுங்கியிருந்த இடத்திலிருந்து எழுந்த சாமிதுரை கையை வாயில் குவித்துக் கேட்டார்.

"பன்னெண்டும் வந்துருச்சாங்க?"

"வந்துருச்சு, போ. போயி குழிக்கிட்ட நட்ட கொடிய எடு" என்றார் சார்.

அவர் பள்ளத்துக்குள் நடந்தார்.

பிள்ளைகள் சரியாக எழுதியிருந்தால், ஒன்று குறைகிறதே என்று வேணுகோபால் சார் கொஞ்சம் நின்றாவது யோசித்திருப்பார். நான் சொல்லிக்கொடுத்த பொய் பிள்ளைகளின் பேச்சையே செல்லாததாக்கிவிட்டது. கேடில்லாத பொய்யாம். நான் வாயைத் திறந்தால் போதும். "பதினொண்ணு" என்ற ஒரு சொல். ஆனால் சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும். வெள்ளிக்கிழமை ரயிலில் என் பிள்ளை போய்விடுவாள். சாமிதுரை போய்க்கொண்டே இருந்தார். பத்து அடி, இருபது அடி. எனக்கு எண்ணத் தெரியும் என்று சொன்னேனே, அதையும் எண்ணினேன். இதைச் சொல்ல வாய் கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன்: நான் வாயைத் திறக்கவில்லை.

ராசாத்தி கரையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று காத்திருந்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ, எழுந்து பள்ளத்தைப் பார்த்து ஓடினாள்.

"மாமா, போவாதீங்க! பதினொண்ணுதான்! ஒண்ணு பாக்கி! அம்மா, நீ சொல்லும்மா! அப்பாவுக்கு ஆன மாதிரி ஆயிடும்மா!"

மற்ற பதினோரு பேரும் எழுந்து நின்று கத்த ஆரம்பித்தார்கள். பதினொண்ணு, பதினொண்ணு. பாதிக் காதுக்கும் அது கேட்டது. சாமிதுரை திரும்பி ஓடிவந்து ஒரு பாறைக்குப் பின்னால் விழுந்தார். பன்னிரண்டாவது வேட்டு அப்போதுதான் வெடித்தது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு மண்ணில் சுருண்டார்கள்.

புழுதி அடங்கியதும் வேணுகோபால் சார் சிலேட்டுகளைக் கீழே வைத்துவிட்டு நோட்டை எடுத்தார். பன்னிரண்டு பெயருக்கும் நேரே சரி என்று குறித்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீதான் அம்மாவா?" என்றார். சாயங்காலத்துக்குள் என் மூட்டையைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அரியலூர் ஸ்டேஷன் கம்பிக்கு வெளியே நின்று பன்னிரண்டு பெயரையும் சொன்னேன். இன்ஜின் இரைச்சலில் கேட்டிருக்குமோ என்னவோ, ஜன்னலில் எல்லாத் தலையும் திரும்பியது.

சண்டை முடிந்து எண்பத்தைந்தில் நான்கு பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினார்கள். வெள்ளைச்சாமியின் அம்மா இன்னும் ஆண்டிமடத்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். என் மகள் வந்தாள். அந்த மருந்தும் பீரங்கிகளும் சேர்ந்து அவள் காதை முழுசாகத் தின்றுவிட்டன. நான் எத்தனை பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள்.

இப்போது குவாரிக் குடியிருப்பில்தான் இருக்கிறோம். நடுப்பகல் ஆனால் ராசாத்தி வாசலில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துக்கொள்வாள். தரை அதிர்வது தெரிகிறதாம், எண்ண வரவில்லையாம். எல்லாம் அடங்கியதும் என்னை ஏறிட்டுப் பார்த்து, "எத்தனைம்மா?" என்பாள். எட்டு என்றால் எட்டு விரல் காட்டுவேன்.

உடனே விடமாட்டாள். அன்று பள்ளத்தின் கரையிலிருந்து பார்த்த மாதிரியே என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நெசமா?" என்று கேட்பாள். தலையாட்டுவேன். மறுநாளும் கேட்பாள்.