இரண்டு தட்டுகளோடு நின்றவர்

எங்கள் ஊர் ஷைலோ பெண்டிலிருந்து ரயிலேறி சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் போனவர்கள், கிளம்பிய அதே வாரம் ரூஃபஸ் கென்னர்டின் படத்திலிருந்தும் போய்விட்டார்கள். அங்கே செத்தவர்கள் செத்த அன்றே படத்துக்குத் திரும்பி வந்தார்கள். கென்னர்ட் எங்கள் கறுப்பு ஜனங்களுக்குச் சவப்பெட்டி செய்து அடக்கம் பண்ணி வைக்கிறவர். 1941 ஆகஸ்டில், வெளியூர் போனவர்கள் எல்லாம் வருஷம் ஒருமுறை வந்து சேரும் ஊர்திரும்பும் ஞாயிறன்று, மெம்ஃபிஸில் வாங்கிய சினிமா கேமராவை எங்கள் பிஸ்கா கிறிஸ்தவ சபைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். அன்றைக்கு எடுத்த படம் பதினோரு நிமிடம், சத்தம் கிடையாது. ஜனங்கள் சபைப் படியிறங்கி ஓக் மரத்தடிக்கு வருகிறார்கள். பலகை மேசையில் வறுத்த கோழியும் கீரையும் இருக்கின்றன. பெண்கள் கென்னர்டின் கடைப்பெயர் அச்சடித்த காகித விசிறியால் விசிறிக்கொள்கிறார்கள். எல்லாமாக அறுபத்தொன்பது பேர்.

1944இல் மறுபடி ஓட்டிப் பார்த்தபோது நாற்பத்திரண்டு பேர்தான் இருந்தார்கள். மேசை அதே மேசை, கோழி அதே கோழி. யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை, ஊரும் அப்போது அப்படித்தான் இருந்தது. 1947 பிப்ரவரியில், டெட்ராய்ட் போயிருந்த குளோவர் பிரிட்சட் கம்பளிக் கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அந்த ஆகஸ்ட் வெயிலுக்குள் இடது பக்கத்திலிருந்து நடந்து வந்து ஒரு கோழித்தொடையை எடுத்தார். அவர் செத்துப்போன தந்தி இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. அதற்கப்புறம் கென்னர்ட் வாரம் ஒருமுறை படத்தை ஓட்டுவார். புதிதாக யாராவது வந்திருந்தால், உடம்பு ரயிலில் வந்து சேர்வதற்குள் ஆளின் உயரத்துக்குப் பெட்டி தயாராக இருக்கும்.

எல்பர்ட் ஸ்க்ரக்ஸ் பருத்தி ஜின்னிங் மில்லில் பஞ்சுப் பொதி, அதாவது பேல், கட்டுகிறவர். படத்தில் அவர் கையில் இரண்டு தட்டுகள், ஒன்று அவருக்கு, ஒன்று பக்கத்தில் நின்ற மனைவி லவீனியாவுக்கு. 1946 அக்டோபரில் லவீனியா வடக்கே போகத் துணிப்பெட்டியைக் கட்டிவிட்டாள். "இந்த வருஷப் பருத்தி முடியட்டும், பின்னாடியே வந்துர்றேன்" என்றார் எல்பர்ட். "பருத்தி என்னைக்குய்யா முடிஞ்சிருக்கு?" என்று கேட்டுவிட்டு அவள் ரயிலேறினாள். அந்த வாரம் ஓட்டிய படத்தில் அவள் நின்ற இடத்தில் புல் மட்டும் இருந்தது. தட்டு எல்பர்ட்டின் கையிலேயே இருந்தது. மில்லில் ஹார்வி டோம்ஸுக்கு அதுவே பல வருஷத்துப் பேச்சு. "யோவ் எல்பர்ட், அந்த ரெண்டாவது தட்டு ஆறிப் போகுதுய்யா, இங்கிட்டுத் தள்ளு." "ஒன் வயித்துக்கு அது பல்லுல ஒட்டக் காணாது, போய் வேலையப் பாரு" என்பார் எல்பர்ட்.

பருத்தி முடியவில்லை. லவீனியா ஐந்து வருஷம் கடிதம் எழுதினாள். எல்பர்ட்டுக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் ஆராதனை முடிந்ததும் போதகர் பெஞ்சில் உட்கார்ந்து வாசித்துச் சொல்வார். பெண்கள் சுற்றி நின்று கேட்பார்கள். 1951இல் கடிதம் நின்றது. 1965இல், ஓட்டுப் போடப் பேர் பதிய எழுத்துத் தெரிய வேண்டும் என்பதால் சபையில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தபோது, ஐம்பத்தொரு வயதில், பேல் கயிறு அறுத்த விரலால் எல்பர்ட் பென்சில் பிடித்தார். ஆறு மாதத்தில் பழைய கடிதங்களைத் தானே வாசித்தார். ஒவ்வொன்றின் அடியிலும், பெண்கள் முன்னால் வேண்டாமென்று போதகர் விட்டுவிட்ட ஒரே வரி இருந்தது: 'ஞாயிற்றுக்கிழமை உனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன்.' அந்த முகவரிக்கு அவர் எழுதிய முதல் கடிதம் பிரிக்காமலே திரும்பி வந்தது.

அதற்குள் கென்னர்ட் இறந்து, படப்பெட்டியும் புரொஜெக்டரும் எல்பர்ட்டிடம் வந்திருந்தன. ஞாயிறுதோறும் சபையிலிருந்து வந்து ஜன்னலைச் சாத்தி, சுவரில் தொங்கும் போர்வையில் படத்தை ஓட்டுவார். லவீனியா அதில் இல்லையென்றால் எங்கேயோ உயிரோடு இருக்கிறாள். பதினோரு நிமிடமும் அவளைத் தேடுவார், காணாதது கண்டு நிம்மதியடைவார், பிறகு தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். ஆற்றோரத்து ஈரம் ஏறிவிடக் கூடாதென்று, எங்கள் பெண்கள் பீச் பழப் பாட்டிலுக்குச் செய்வதுபோல, ஒவ்வொரு தடவையும் மெழுகு உருக்கி, படச்சுருள் இருந்த தகர டப்பாவின் வாயைச் சுற்றி அடைப்பார். வருஷம் ஆக ஆக வீட்டில் வினிகர் வாடை அடித்தது. "ஊறுகா போடுறீங்களா பிரதர்? நமக்கும் ஒரு பாட்டில் எடுத்து வைங்க" என்று பக்கத்து வீட்டு ஐடெல் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். 1983இல் படத்திலிருந்தவர்கள் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொள்ள ஆரம்பித்தார்கள். குளோவர் பிரிட்சட் இருமிக்கொண்டே இருந்தார். படம் சுருங்கி, திரும்பி வருகிறவர்கள் நுழையும் இடது ஓரம் ஒரு கதவு அகலத்துக்கு வந்துவிட்டது.

மறு வருஷம் ஜாக்ஸனில் ஒரு கல்லூரியிலிருந்து யூனிஸ் ட்ராவிக் என்ற பெண், கறுப்பு ஊர்களின் பழைய படங்களையும் பேச்சையும் சேகரிக்க, டேப் ரிக்கார்டரோடு வந்தாள். வாசலிலேயே அவளுக்கு வாடை பிடிபட்டுவிட்டது.

"இதுக்கு மெழுகு வச்சது யாரு ஐயா?"

"நாந்தாம்மா. ஈரம் ஏறக் கூடாதுன்னு."

"இந்தப் புளிப்பு வாடை படம் கெடுற வாடை, படத்துக்குக் காத்து வேணும் ஐயா. அடைச்சு வச்சதுல தன் ஆவியிலயே அது வெந்துக்கிட்டு இருக்கு. நான் கொண்டு போய் நகல் எடுக்கலேன்னா ரெண்டு வருஷத்துல ஒண்ணும் மிஞ்சாது."

எல்பர்ட் வெகுநேரம் டப்பாவைத் தடவிக்கொண்டிருந்தார். "நீ கொண்டு போயிட்ட பொறவு அவ வந்தா? இங்க வந்து பாத்துட்டு, படத்தக் காணோமேன்னு திரும்பிப் போயிட்டா?"

யூனிஸ் சிரிக்கவில்லை. இந்த வேலையில் அவள் எத்தனையோ ஊர் பார்த்தவள். "வீடு மாறுனா கதவுல எழுதித்தானே போடுவோம்? எழுதிப் போடுங்க" என்றாள்.

பெரிய பெரிய எழுத்தில் எல்பர்ட் எழுதினார்: 'லவீனியா, படம் ஜாக்ஸனில் இருக்கிறது. எல்பர்ட்.' அதைச் சபைக் கதவில் குண்டூசியால் குத்தினார். அன்றைக்குக் கடைசியாக ஒரு முறை படத்தை ஓட்டி, யார் யார் என்று அவர் சொல்லச் சொல்ல யூனிஸ் பதிந்துகொண்டாள். இரண்டாவது தட்டு வரும் இடத்தில் டேப்பில் புரொஜெக்டர் ஓடும் சத்தம் மட்டும் இருக்கிறது.

படம் பதினோரு மாதம் ஜாக்ஸனில் இருந்தது. எல்பர்ட் போர்வையைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. ஞாயிறுதோறும் அதற்கு முன்னால் பதினோரு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாப்பிடப் போவார். அவள் இருக்கிறாளா இல்லையா என்று தெரிந்துகொள்ள இப்போது அதுவும் இல்லை. 1985 மார்ச்சில் ஒரு புதன்கிழமை சபைக் கதவிலிருந்த சீட்டைக் காணவில்லை, குண்டூசி மட்டும் இருந்தது. "காத்துல போயிருக்கும் பிரதர்" என்றாள் ஐடெல். காற்று குண்டூசியைத் திரும்பக் குத்திவிட்டுப் போகாது என்று எல்பர்ட்டுக்குத் தெரியும். படியில் இரண்டு பாதம் நின்ற அளவுக்கு வெண்பனி கிடந்தது. அந்த வருஷம் எங்கள் பக்கம் பனியே பெய்யவில்லை.

ஆகஸ்டில், ஊர்திரும்பும் ஞாயிறுக்கு முதல் நாள், யூனிஸ் நகலைக் கொண்டு வந்து போர்வையில் ஓட்டினாள். இருமல் நின்றிருந்தது. இடது ஓரம் பழைய அகலத்துக்கு வந்திருந்தது. நான்காவது நிமிடத்தில் அந்தப் பக்கத்திலிருந்து, தோளில் பனி படிந்த கோட்டோடு, எழுபது வயதுப் பெண் ஒருத்தி கையில் ஒரு சீட்டை வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். இருபத்தேழு வயது எல்பர்ட்டின் முன்னால் நின்று, அவரை மேலும் கீழும் பார்த்து, என்னவோ கேட்டாள்.

"என்னமோ கேக்குறாங்க ஐயா" என்றாள் யூனிஸ்.

"பருத்தி முடிஞ்சிருச்சான்னு கேக்குறா" என்றார் எல்பர்ட்.

பிறகு அவள் தட்டை வாங்கிக்கொண்டாள். நாற்பது வருஷத்துக்கு அப்புறமும் கோழி சூடாகத்தான் இருந்திருக்க வேண்டும், ஊதி ஊதிச் சாப்பிட்டாள். யூனிஸ் ரிக்கார்டரை அழுத்தினாள். விட்டுப்போன பெயரை எல்பர்ட் சொன்னார்: "லவீனியா ஸ்க்ரக்ஸ். எங்க வீட்டுக்காரி." கல்லூரியில் அந்தப் படத்துக்கான பட்டியல் அட்டையில், 'பின்னர் வந்து சேர்ந்தவர்கள்' என்ற பகுதியில், அவள் பெயருக்கு நேரே மார்ச் 1985 என்று தட்டச்சு செய்திருக்கிறார்கள். யூனிஸ் போனதும் எல்பர்ட் போர்வையைச் சுவரிலிருந்து இறக்கி மடித்தார். மெழுகு உருக்குகிற சட்டியைச் சுடுதண்ணீரில் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தார்.